இன்ஜின் ஆட்டத்தைக் குறைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

ரீமேப் செய்த (இன்ஜினின் கம்ப்யூட்டர் மென்பொருளை மாற்றி சக்தியைக் கூட்டிய) ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ மாதிரி காரில் முதல் கியரில் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தினால், இன்ஜினின் மேல்பகுதி பின்பக்கம் சாயும். காலை எடுத்ததும் 'டொக்' என்று பழைய இடத்துக்குத் திரும்பும். இந்தச் சத்தம் பொறுக்காமல் பலர், இன்ஜினைக் காரின் உடலோடு பிடித்திருக்கும் மவுண்ட்களில் இருப்பதிலேயே கெட்டியானதை வாங்கி எல்லா இடத்திலும் ஒரேயடியாக மாட்டிவிடுகிறார்கள். தெருவில் ஓட்டும் காருக்கு இதைவிடப் பெரிய தவறு இல்லை.

இந்த வகைக் கார்களில் இன்ஜின், கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் மூன்றும் ஒரே கட்டாகக் குறுக்கே உட்கார்ந்திருக்கும். சக்கரம் முன்னால் சுழலச் சுழல, இந்தக் கட்டு எதிர்த்திசையில் திரும்பப் பார்க்கும். இன்ஜின் டார்க் (திருப்புவிசை) 200 நியூட்டன் மீட்டர், முதல் கியர் விகிதம் 3.5, ஃபைனல் டிரைவ் (கடைசிப் பல்சக்கர ஜோடி) விகிதம் 4 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றையும் பெருக்கினால், மவுண்ட்கள் தடுக்க வேண்டியது 2,800 நியூட்டன் மீட்டர். ரீமேப்பில் வெறும் 50 கூடினால் இங்கே 700 கூடிவிடும். ஆட்டம் அதிகமாவதில் ஆச்சரியமே இல்லை.

மேலே இருக்கும் இரண்டு மவுண்ட்கள் முக்கியமாக எடையைச் சுமக்கின்றன. திரும்புவதைத் தடுப்பதில் பெரும்பங்கு கீழே இருக்கும், நாய் எலும்பு வடிவ மவுண்ட்டான டாக்போனுக்கு. அதனால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். டாக்போனின் ரப்பர் புஷ்ஷில் இருக்கும் இடைவெளியை அடைக்கும் பாலியூரித்தேன் இன்சர்ட் (கெட்டியான பிளாஸ்டிக் ரப்பர் துண்டு) விலையும் குறைவு, பிடிக்காவிட்டால் கழற்றியும் விடலாம். பல கார்களுக்கு அதுவே போதும்.

அதற்கும் முன்னால், இருக்கிற மவுண்ட் நல்ல நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ரப்பர் கிழிந்திருந்தாலோ, திரவம் நிரப்பிய மவுண்ட்டில் கசிவு தெரிந்தாலோ, முதலில் புது ஒரிஜினல் மவுண்ட் போடுங்கள். கிழிந்த மேல் மவுண்ட்டை வைத்துக்கொண்டு கீழே இன்சர்ட் போட்டால் அதிர்வு வரும், ஆட்டம் போகாது.

அடுத்தது கெட்டித்தன்மை. ரப்பரின் கெட்டித்தன்மையைச் சொல்லும் ஷோர் ஏ அளவில் 70 என்பதும் 95 என்பதும் காருக்குள் வேறு வேறு உலகம். நான்கு சிலிண்டர் இன்ஜின் 800 ஆர்பிஎம்மில் ஐட்லிங்கில் நிற்கும்போது நொடிக்குச் சுமார் 27 முறை வெடிக்கிறது. மூன்று சிலிண்டர் என்றால் 20. அதிர்வு மெதுவாக வர வர, அதை உள்ளே விடாமல் தடுப்பது மவுண்ட்டுக்குக் கஷ்டம். ஏசி ஓட, 'டி'யில் பிரேக் மிதித்து சிக்னலில் நின்றால் ஸ்டீயரிங்கும் கண்ணாடியும் நடுங்குவது இதனால்தான். மூன்று சிலிண்டர் கொண்ட 1.0 டிஎஸ்ஐ வைத்திருப்பவர்கள் கட்டாயம் மென்மையான இன்சர்ட்டையே எடுங்கள். இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் மட்டும் ஓடும் காருக்கு எவ்வளவு கெட்டியாக வேண்டுமானாலும் போடலாம், அது வேறு கணக்கு.

நல்ல பொருளை வாங்கி, மாட்டும்போது கெடுப்பவர்களும் உண்டு. ஜாக்கியை நேராக ஆயில் சம்ப்பில் (இன்ஜினின் அடியிலுள்ள ஆயில் தொட்டியில்) முட்டுக்கொடுக்கக் கூடாது. தடிமனான மரப்பலகையை நடுவில் வையுங்கள். ஃபோக்ஸ்வேகன் மவுண்ட் போல்ட்களில் பல இறுக்கும்போதே சற்று நீளும் வகை. கழற்றினால் புதுசுதான் போட வேண்டும், சர்வீஸ் மேனுவலில் சொன்ன டார்க்கும் கோணமும் வைத்து இறுக்க வேண்டும். இன்ஜின் ஒரு பக்கம் இழுபட்ட நிலையில் போல்ட்டை இறுக்கிவிட்டால், அந்த முறுக்கு மவுண்ட்டிலேயே தங்கி, நின்ற இடத்திலேயே கார் நடுங்கும். எல்லாப் போல்ட்டையும் கையால் மட்டும் முடுக்கி, இன்ஜினை லேசாக அசைத்து அதன் இயல்பான இடத்தில் உட்காரவிட்டு, அப்புறம் இறுக்குங்கள்.

வேகமாகக் கிளம்பும்போது சக்கரம் துள்ளுகிறது என்றால் மவுண்ட்டை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம். கண்ட்ரோல் ஆர்ம் புஷ், ஷாக் அப்சார்பர், தேய்ந்த டயர் எதுவும் காரணமாக இருக்கலாம்.

வேலை முடிந்ததும் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயிண்டால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அடுத்த சர்வீஸில் கோடு விலகியிருக்கிறதா, சைலன்சரின் ஃப்ளெக்ஸ் பைப் இழுபட்டிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும்.