பழைய ஆங்கிலக் கவிதையை வாய்விட்டுப் படிக்க

பழைய ஆங்கிலக் கவிதையில் ‘ஓவர்’ நடுவெழுத்தை இழந்து, அந்த இடத்தில் சின்னக் குறியோடு நிற்கும். அதை விரிக்காமல் ‘ஓர்’ என்று ஒரே அசையாகச் சொல்லுங்கள். 1751இல் வெளியான தாமஸ் கிரேயின் இரங்கற்பாவில் இரண்டாம் வரியே ‘ஸ்லோலி ஓர் த லீ’ என்றுதான் முடிகிறது. வரிக்குப் பத்து அசை. ‘ஓவர்’ என்றால் பதினொன்றாகி நடை தட்டும்.

இதேபோல நெவர் ‘நேர்’ ஆகும், ஈவன் ‘ஈன்’ ஆகும். ஈனில் மட்டும் கொஞ்சம் உஷார்: மாலைப் பொழுதையும் அது குறிக்கும். ஹாலோவீனின் வாலில் இருப்பது அதுதான்.

அப்புறம், ‘இட் இஸ்’ சுருங்கிய ‘டிஸ்’ஸைத் தட்டச்சு செய்தால் முன்குறி பெரும்பாலும் தலைகீழாக விழும். குறியை இரண்டு முறை தட்டி, முதலாவதை அழித்துவிடுங்கள்.