வாடகைக்குப் போகும் மெஷினுக்கு இன்சூரன்ஸ் எடுப்பது எப்படி

மேடவாக்கத்தில் கட்டுமான மெஷின்களை வாடகைக்கு விடும் கடை எங்களுடையது. மிக்சர், வைப்ரேட்டர், பிரேக்கர், ஜெனரேட்டர், சென்ட்ரிங் ஷீட், ஜாக்கி, அப்புறம் இரண்டு ஜேசிபி. மெஷினை என் கணவரும் கொழுந்தனாரும் பார்த்துக்கொள்கிறார்கள். கணக்கும் பாலிசி ஃபைலும் என் பொறுப்பு. புதிதாகக் கடை போடுகிறவர்கள் வந்து, "எந்தக் கம்பெனியில எடுக்கலாம் அக்கா?" என்று கேட்பார்கள். கம்பெனியை அப்புறம் பார்க்கலாம். மெஷின் இன்னொருத்தர் கையில் இருக்கும்போதும் இந்தப் பாலிசி செல்லுமா என்பதை முதலில் கேளுங்கள்.

ஏனென்றால், ஏஜெண்ட் பெரும்பாலும் கடைக்காரர்களுக்கான ஒரு பாலிசியைத்தான் நீட்டுவார். தீ, திருட்டு, வெள்ளம் எல்லாம் அதில் இருக்கும். ஆனால் அது ஒரு முகவரியோடு கட்டப்பட்டது. நம் பொருள் அந்த முகவரியில் இருக்கும் நாளெல்லாம் வருமானம் இல்லாத நாள். சம்பாதிக்கிற நாளில் அது ஏதோ ஒரு சைட்டில், யாரோ ஒரு மேஸ்திரியிடம் இருக்கிறது. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

முதலில் ஒரு பட்டியல்

ஏஜெண்டைக் கூப்பிடும் முன் ஒரு நோட்டில் எல்லா மெஷினையும் எழுதுங்கள். என்ன மெஷின், சீரியல் நம்பர், எந்த வருடத் தயாரிப்பு, கடன் இருக்கிறதா, ஆபரேட்டரோடு போகிறதா வெறும் மெஷினாகப் போகிறதா, இன்று புதிதாக வாங்கினால் என்ன விலை. கடைசியாகச் சொன்ன விலையைக் கட்டாயம் எழுதுங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எழுதி முடித்ததும் பட்டியல் தானாக மூன்றாகப் பிரியும்: நம்பர் பிளேட் உள்ளவை, நம்பர் பிளேட் இல்லாத மெஷின்கள், ஷீட், ஜாக்கி, பைப் போன்ற எண்ணிக்கைச் சாமான்கள். ஒவ்வொன்றுக்கும் வேறு பாலிசி.

நம்பர் பிளேட் உள்ள வண்டி

டயர் போட்ட ஜேசிபி சாலையில் போகும்போது ஒரு வண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவுப்படி மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் அதைத் தெருவில் இறக்கக் கூடாது. இது எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் போவது அடுத்த விஷயம். அதே வண்டி சைட்டுக்குள் கால்களை ஊன்றி மண்ணைத் தோண்டும்போது, இன்சூரன்ஸ் கணக்கில் அது ஒரு கருவி. கருவியாக வேலை செய்யும் நேரத்தில் வண்டி கவிழ்ந்தால் அந்தச் சேதம் கிடையாது என்று மோட்டார் பாலிசியோடு ஒரு ஷரத்து சேர்ந்து வரும். ஐ.எம்.டி. 47 என்று எண் போட்டிருக்கும். கூடுதல் பிரீமியம் கட்டினால் கவிழ்வதையும் சேர்த்துக்கொள்வார்கள். 'ஓவர்டர்னிங்' சேர்ந்திருக்கிறதா என்று பாலிசித் தாளில் தேடிப் பாருங்கள். ஐப்பசி மழையில் பள்ளத்தின் கரையில் நிற்கிற வண்டிக்கு வரும் ஆபத்தே அதுதான். அதை விட்டுவிட்டு மற்றதற்கெல்லாம் பணம் கட்டுவதில் அர்த்தமில்லை.

ஆபரேட்டரின் லைசென்ஸ் நகலைப் பாலிசியோடு சேர்த்தே வையுங்கள். காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்துவிடுங்கள். க்ளெய்மில் முதலில் கேட்கும் காகிதங்களில் அதுவும் ஒன்று.

மற்ற மெஷின்களுக்கு சி.பி.எம்.

நம் தொழிலுக்கு உயிர்நாடி இந்தப் பாலிசி. முழுப்பெயர் கான்ட்ராக்டர்ஸ் பிளான்ட் அண்ட் மெஷினரி. பெயரில் கான்ட்ராக்டர் என்று இருப்பதால் தங்களுக்கு இல்லை என்று வாடகைக் கடைக்காரர்கள் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். மெஷினின் சொந்தக்காரர் என்ற முறையில் நாமும் எடுக்கலாம். நியூ இந்தியா, யுனைடெட் இந்தியா, நேஷனல், ஓரியண்டல் ஆகிய நான்கு அரசு நிறுவனங்களிலும் இது உண்டு, தனியார் நிறுவனங்களிலும் உண்டு. மெஷின் வேலையில் இருந்தாலும், சும்மா நின்றாலும், சர்வீஸுக்காகக் கழற்றிப் போட்டிருந்தாலும், திடீரென்று வெளியிலிருந்து வரும் சேதத்துக்கு இது பணம் தரும்.

விண்ணப்பத்தில் 'இந்த மெஷின்கள் வாடகைக்கு விடப்படுகின்றன' என்று எழுத்தில் எழுதுங்கள். ஏஜெண்டிடம் வாயால் சொன்னது போதாது. எந்தெந்த மாவட்டங்களுக்குப் போகும் என்பதையும் எழுதுங்கள். பாலிசி வந்ததும் அந்த வரிகள் அதில் ஏறியிருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திருப்பி அனுப்பி எண்டார்ஸ்மெண்ட், அதாவது பாலிசியோடு சேரும் திருத்தத் தாள், வாங்குங்கள். சொந்த உபயோகம் என்று பதிவான மெஷின் வாடகை சைட்டில் உடைந்தால், கம்பெனி மறுப்பதற்குக் காரணத்தை நாமே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகும்.

இனி தொகை. சி.பி.எம்.மில் காப்பீட்டுத் தொகை என்பது அதே மாதிரி மெஷினை இன்று புதிதாக வாங்கிக் கொண்டுவந்து நிறுத்த ஆகும் விலை. செகண்ட் ஹேண்டில் என்ன கொடுத்தீர்கள் என்பது கணக்கில் வராது. ஒரு கணக்கு போடுவோம். செயின் போட்ட எக்ஸ்கவேட்டர் ஒன்றின் இன்றைய புது விலை 60 லட்சம். நீங்கள் பழையதாக 40 லட்சத்துக்கு வாங்கி, அந்த 40-க்கே பாலிசி எடுத்தீர்கள். பூம், அதாவது தோண்டும் கை, வளைந்து 3 லட்சம் செலவு. 60-ல் 40 என்பது மூன்றில் இரண்டு பங்கு. கம்பெனியும் மூன்றில் இரண்டு பங்குதான் தரும், அதாவது 2 லட்சம். அதிலும் எக்ஸஸ் என்று நாம் ஏற்க வேண்டிய தொகையைக் கழித்துக்கொள்வார்கள். அதே நேரம், மெஷின் முழுசாகப் போனால் புது விலை கிடைக்காது. தேய்மானம் கழித்த சந்தை விலைதான் கிடைக்கும். இது அநியாயமாகத் தோன்றலாம். ஆனால் முழுசாகப் போகிற மெஷின் அபூர்வம். நம்மைத் தேய்ப்பது ரிப்பேர் பில்கள்தான். அதற்காகவே முழுத் தொகைக்கு எடுக்கச் சொல்கிறேன்.

எதற்கெல்லாம் கிடைக்காது என்பதை எங்கள் கடை மிக்சர் ஒன்றை வைத்துச் சொல்கிறேன். லிஃப்ட் வைத்த மிக்சர். நன்மங்கலம் பக்கம் ஒரு சைட்டில் அஸ்திவாரக் குழியின் ஓரத்தில் நிறுத்தியிருந்தார்கள். மழையில் மண் இளகி, மெஷின் குழிக்குள் சாய்ந்தது. நல்லவேளை, ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சேதத்தை மதிப்பிடக் கம்பெனி சார்பில் வந்த சர்வேயர் பொறுமையான மனிதர், ஒவ்வொரு பாகமாகத் தொட்டுப் பார்த்து எழுதினார். வளைந்த ஃபிரேம் உண்டு. நசுங்கிய டிரம்மும் உடைந்த பல்சக்கரமும் உண்டு. அறுந்த ஒயர் ரோப் கிடையாது, பெல்ட், டயர், பேட்டரி கிடையாது. தேய்ந்து மாற்றுகிற சாமான்களுக்குப் பாலிசியிலேயே விலக்கு. அதன்பின் அவர் எஞ்சின் பக்கம் வந்து, ஆயில் எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டார். சர்வீஸ் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. ஆயில் இல்லாமல் எஞ்சின் பிடித்துக்கொண்டாலோ, உள்ளே தானாக ஏதாவது உடைந்தாலோ அது மெக்கானிக்கல் பிரேக்டவுன். அதற்கு சி.பி.எம். தராது. அந்த ரிப்பேரால் மெஷின் நிலை தடுமாறி வேறு பாகம் அடிபட்டால் அந்த அடிக்கு உண்டு. ஆக, எது முதலில் நடந்தது, எது அடுத்து நடந்தது என்று காட்டத் தெரிய வேண்டும். அந்த மெஷினுக்கு ஃபிரேம், டிரம், பல்சக்கரத்தின் பணம் ஒழுங்காக வந்து சேர்ந்தது.

இன்னொரு விலக்கு போக்குவரத்து. ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகும் வழியில் ஆகும் சேதம் தனியாகச் சேர்த்தால் ஒழியக் கிடையாது. நம் மெஷின்கள் வாரத்தில் பாதி நாள் டாடா ஏஸ் மேல் இருக்கின்றன. ஏற்றுவதும் இறக்குவதும் சேர்த்து டிரான்சிட் எண்டார்ஸ்மெண்ட் கேட்டு வாங்குங்கள். கூடவே மூன்றாம் நபர் பொறுப்பையும் சேர்க்கச் சொல்லுங்கள். மெஷின் சாய்ந்து பக்கத்து வீட்டு காம்பவுண்டு சுவரை இடித்தால் அந்த வீட்டுக்காரர் நம் வாசலுக்குத்தான் வருவார்.

கடனில் வாங்கிய மெஷினில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயரும் பாலிசியில் இருக்கும். முழு நஷ்டத் தொகை முதலில் அவர்களுக்குப் போகும். ரிப்பேர் ஆகும் வரை நின்றுபோன வாடகை எந்தக் கணக்கிலும் வராது. அதை வாடகை ஒப்பந்தத்தில்தான் பிடிக்க வேண்டும்.

குடோனில் இருப்பவை

5 கோடி ரூபாய் மதிப்புக்கு உட்பட்ட தொழில்களுக்கு 2021 ஏப்ரலிலிருந்து 'பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா' என்ற பாலிசி இருக்கிறது. தீ, புயல், வெள்ளம் எல்லாம் அதில் அடங்கும். காப்பீட்டுத் தொகை 15 சதவீதம் வரை குறைவாக இருந்தாலும், எக்ஸ்கவேட்டர் கணக்கில் பார்த்த மாதிரி விகிதக் கழிவு கிடையாது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்களுக்கு, 2015 டிசம்பரையும் 2023 மிக்ஜாம் புயலையும் பார்த்த பிறகு இதைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தண்ணீரில் மூழ்கிய ஜெனரேட்டரை மட்டும் ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இருக்கும்போது சுற்றவைத்தால் கனெக்டிங் ராடு வளையும். அது வெள்ளத்தால் ஆனதில்லை, நீங்கள் செய்தது என்று சொல்லிவிடுவார்கள்.

திருட்டுப் பாலிசியில், பூட்டை உடைத்தோ சுவர் ஏறியோ உள்ளே வந்த அடையாளம் கேட்பார்கள். திறந்த யார்டில் அடுக்கியிருக்கும் ஷீட் காணாமல் போனால் அந்த அடையாளம் இருக்காது. அதேபோல, வருடக் கணக்கெடுப்பில் எண்ணும்போது ஜாக்கி குறைகிறது என்றால் யாரும் பணம் தர மாட்டார்கள். இந்தச் சாமான்களுக்கு வேலியும், கேமராவும், திரும்பி வரும்போது எண்ணி வாங்கும் பழக்கமும்தான் பாதுகாப்பு.

ஆட்கள்

மெஷின் போனால் வாங்கிக்கொள்ளலாம். ஆபரேட்டருக்கும் ஹெல்பருக்கும் ஏதாவது ஆனால் அந்தக் குடும்பத்துக்கு நாம் பதில் சொல்ல வேண்டும், சட்டத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். ஆபரேட்டரோடு மெஷின் போகும்போது அவர் வேலை செய்வது அடுத்தவர் சைட்டில் என்றாலும் அவருடைய முதலாளி நாம்தான். இ.எஸ்.ஐ.யில் இல்லாத ஒவ்வொருவரையும் பெயரோடும் உண்மையான சம்பளத்தோடும் ஊழியர் இழப்பீட்டு பாலிசியில் சேர்த்துவிடுங்கள். பிரீமியம் குறைய வேண்டும் என்று சம்பளத்தைக் குறைத்து எழுதச் சொல்லும் ஏஜெண்டிடம் தயவுசெய்து மறுத்துவிடுங்கள். வெறும் மெஷினாகக் கொடுக்கும்போதுகூட நம் பொறுப்பு முடிவதில்லை. ஈரக் கான்கிரீட்டில் நிற்பவர் கையில் வைப்ரேட்டர் ஷாக் அடித்தால், ஒயர் எப்போது சோதித்தது என்ற கேள்வி நம்மிடம்தான் வரும். எங்கள் கடையில் மின்சார மெஷின் எதுவும் எர்த் சோதிக்காமல் வெளியே போவதில்லை. சோதித்த தேதியும் கையெழுத்தும் மெஷினோடு போகும் சலானிலேயே இருக்கும்.

வாடகைக்கு எடுத்தவர் திருப்பித் தராவிட்டால்

இதைப் பலர் திருட்டு என்று நினைக்கிறார்கள். நாமே கையெழுத்து வாங்கி ஒப்படைத்த பொருளை ஒருவர் விற்றுவிட்டால் அது நம்பிக்கை மோசடி. புதிய குற்றவியல் சட்டத்தில் திருட்டு 303-வது பிரிவு, நம்பிக்கை மோசடி 316-வது பிரிவு. சாதாரணத் திருட்டுப் பாலிசி முதலாவதற்குத்தான். தாம்பரம் பக்கம் தெரிந்த கடைக்காரர் ஒருவர் ஜெனரேட்டரை இப்படித்தான் இழந்தார். எஃப்.ஐ.ஆர். இருந்தும் க்ளெய்ம் நிற்கவில்லை. அதனால் புது வாடிக்கையாளர் என்றால் நாங்கள் சைட்டை நேரில் பார்க்காமல் மெஷினை இறக்குவதில்லை. கட்டட உரிமையாளரின் நம்பரும் வாங்குவோம். பெரிய மெஷின் எல்லாவற்றிலும் ஜி.பி.எஸ். உண்டு.

வெளியே போகும்போது, உடைந்தபோது

சலானில் சீரியல் நம்பர், ஹவர் மீட்டர், சைட் முகவரி, எடுப்பவர் கையெழுத்து. நான்கு பக்கமும் போட்டோ. வாடகை ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம் வேண்டும்: எக்ஸஸ் தொகையை எடுத்தவர் கட்ட வேண்டும், அவர் கவனக்குறைவால் மெஷின் நின்றால் அந்த நாட்களுக்கும் வாடகை உண்டு, வேறு சைட்டுக்கு எங்களைக் கேட்காமல் மாற்றக் கூடாது. பில்லில் 'இன்சூரன்ஸ்' என்று ஒரு வரி போட்டு வாடிக்கையாளரிடம் பணம் வாங்காதீர்கள். அவர் தன் ஆட்களுக்கும் கவர் இருப்பதாக நம்பிவிடுவார்.

சேதம் நடந்தால் மெஷினைத் தூக்கி நிறுத்தும் முன் போட்டோ எடுங்கள். அன்றே மின்னஞ்சலில் கம்பெனிக்குச் சொல்லுங்கள். ஏஜெண்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பியது கணக்கில் வராது. சி.பி.எம்.மில் 14 நாள் கெடு இருக்கும், அதுவரை காத்திருக்க எந்தக் காரணமும் இல்லை. உடைந்த பாகத்தைப் பழைய இரும்புக்குப் போடாமல் சர்வேயர் பார்க்கும் வரை வைத்திருங்கள்.

மறுத்துவிட்டால், முதலில் கம்பெனியின் குறைதீர் பிரிவுக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை அல்லது பதில் சரியில்லை என்றால் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன், அதாவது காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் குறைதீர்ப்பாளர். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னையில் இருக்கிறது. தனி உரிமையாளர் கடைகளும் குறுந்தொழில்களும் அங்கே போகலாம், 50 லட்சம் வரை கேட்கலாம், கட்டணம் கிடையாது, வக்கீலும் தேவையில்லை. மறுப்புக் கடிதம் வந்த ஒரு வருடத்துக்குள் போட வேண்டும் என்பதால், அந்தக் கடிதம் வந்த தேதியைக் கவரோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள்.