தன்மைகாட்டி: நான் விழுந்த குழியில் நீங்களும் விழ வேண்டாம்

ட்யூஷனுக்கு வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளின் நோட்டைத் திருத்தினால் என் பழைய நோட்டையே புரட்டுகிற மாதிரி இருக்கிறது. ஏ·எக்ஸ்² + பி·எக்ஸ் + சி = 0 என்ற இருபடிச் சமன்பாட்டின் மூலங்கள், அதாவது எக்ஸின் விடைகள், எப்படிப்பட்டவை என்று காட்டும் பி² − 4ஏசி-தான் தன்மைகாட்டி. அதில் குறியை விடுவது, பெருக்கலில் தடுமாறுவது எல்லாம் நாலு கணக்குப் போட்டால் தானே சரியாகிவிடும். அதை விடுங்கள்.

கே = 0

கே·எக்ஸ்² − 4கே·எக்ஸ் + 12 = 0. மூலங்கள் சமம் எனில் கே என்ன?

தன்மைகாட்டி 16கே² − 48கே. மூலங்கள் சமம் என்றால் அது பூச்சியம்: 16கே(கே − 3) = 0. ‘கே = 0 அல்லது 3’ என்று எழுதி, ஸ்கேல் வைத்து அடிக்கோடும் போட்டேன். வாத்தியார் அந்த 0-வைச் சிவப்பு மையில் சுழித்து, ‘போட்டுப் பார்த்தாயா?’ என்று எழுதியிருந்தார். போட்டால் 12 = 0. எக்ஸே காணோம், மூலம் எங்கிருந்து வரும்? ஏ பூச்சியமானால் அது இருபடிச் சமன்பாடே இல்லை. 3 போட்டால் 3(எக்ஸ் − 2)² = 0; மூலங்கள் 2, 2.

எரிச்சல் எதிலென்றால், பக்கத்து பெஞ்ச்காரன் 16கே² = 48கே என்று எழுதி, இரு பக்கமும் கே-யை அடித்து, 3 மட்டும் வாங்கி முழு மார்க் தட்டிவிட்டான்! வழி தப்பு, விடை சரி. இன்றைக்கும் இதே வேலையைச் செய்கிறவர்களிடம் எக்ஸ்² + 4கே·எக்ஸ் + 12கே = 0 கொடுப்பேன். தன்மைகாட்டி அதே 16கே² − 48கே. ஆனால் இங்கே கே = 0 என்றால் எக்ஸ்² = 0; மூலங்கள் 0, 0. செல்லும். கே-யை அடித்தவனுக்குப் பாதி விடை போச்சு.

கே எந்த இடத்தில் இருக்கிறது என்பது தன்மைகாட்டிக்குத் தெரியாது, நாம்தான் பார்க்க வேண்டும். முதல் வரியில் ‘ஏ ≠ 0’ இல்லாத நோட்டை நான் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

‘வெவ்வேறான’

கேள்வியில் இந்தச் சொல் இருந்தால் தன்மைகாட்டி > 0. வெறும் ‘மெய் மூலங்கள்’ என்றால் ≥ 0.

முழு வர்க்கம்

தன்மைகாட்டி முழு வர்க்கமா, உடனே ‘விகிதமுறு மூலங்கள்’ என்று எழுதிவிடுகிறார்கள். கெழுக்களும் (ஏ, பி, சி) விகிதமுறு எண்களாக இருந்தால்தான் அது. எக்ஸ்² + √5·எக்ஸ் + 1 = 0-க்குத் தன்மைகாட்டி 5 − 4 = 1. மூலங்களோ (−√5 ± 1)/2; √5 இருப்பதால் இரண்டும் விகிதமுறா எண்கள்.

மூலமே இல்லையா?

தன்மைகாட்டி பூச்சியத்துக்குக் கீழே போனால் ‘மூலம் இல்லை’ என்று நிறுத்தாமல் ‘மெய் மூலம் இல்லை’ என்று எழுதுங்கள். அந்த மூலங்களாகப் பன்னிரண்டாம் வகுப்பில் கலப்பெண்கள் காத்திருக்கின்றன.