"ஏழு எழுத்து குறைவு" என்று மட்டும் எழுதி வைக்காதீர்கள்

மீன்களின் மரபணுவைத் திருத்தும் எங்கள் ஆய்வகத்தில் சேருபவர்களுக்கு நான் முதலில் தருவது ஒரு பென்சில். வரிக்குதிரை மீன் தொட்டிகளின் அட்டையில் தண்ணீர் தெறிக்கும், ஆல்கஹால் படும். பேனா மை ஓடிவிடும்.

கிரிஸ்பர் (டிஎன்ஏவைக் குறித்த இடத்தில் வெட்டித் திருத்தும் முறை) ஊசி போட்ட முட்டையிலிருந்து வளர்ந்த மீனுக்கு எண் மட்டும் கொடுங்கள்; மாற்றத்துக்கு இப்போதே பெயர் வேண்டாம். கரு பிரிந்துகொண்டிருக்கும்போதே கேஸ்9 என்ற வெட்டும் புரதம் டிஎன்ஏவை வெட்டுவதால், அந்த ஒரே மீனுக்குள் செல்லுக்குச் செல் மாற்றம் வேறுபடும். துடுப்பில் கண்டது விந்திலோ முட்டையிலோ இருக்கும் என்று நம்ப முடியாது. திருத்தாத மீனோடு அதைச் சேர்த்து, குஞ்சுகள் மூன்று மாதத்தில் பெரிதானதும் மயக்க மருந்து கொடுத்து வால்துடுப்பில் ஒரு துணுக்கு எடுங்கள். துடுப்பு மறுபடி வளர்ந்துவிடும். துணுக்கு வைத்த குழாயின் எண்ணும் மீன் காத்திருக்கும் டப்பாவின் எண்ணும் ஒன்றாகவே இருக்கட்டும்.

இனிதான் கவனம் வேண்டும். ஒருமுறை, டிஎன்ஏ துண்டுகளை நீளப்படி பிரித்துக்காட்டும் ஜெல்லில் இரண்டு குஞ்சுகளுக்கும் ஏழு எழுத்து (ஏ, டி, ஜி, சி என்ற டிஎன்ஏ அலகுகள்) குறைவு என்று தெரிந்தது. ஒரே வகை என்று நினைத்து, ஒரே தொட்டியில் விட்டேன். உண்மையில் ஒன்றில் ஏழு எழுத்து போயிருந்தது. மற்றதில் ஒன்பது போய், புதிதாக இரண்டு நுழைந்திருந்தது. முதலாவதை அடையாளம் காணச் செய்த பிரைமர் (குறித்த டிஎன்ஏ வரிசையில் ஒட்டும் சிறு துண்டு) இரண்டாவதைப் பிடிக்கவில்லை. மாற்றம் உள்ள மீன்களையே "சாதாரணம்" என்று குறித்துவந்தோம். தெரியவந்தபோது இரண்டு தலைமுறை ஓடிவிட்டது. அத்தனை மீன்களுக்கும் திரும்பத் துணுக்கு எடுத்தோம். அந்த மீன்களை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது.

அதனால் நீளத்தை அல்ல, எழுத்துகளையே எழுதுங்கள்: எவை போயின, எவை நுழைந்தன, இருபுறமும் உள்ள இருபது எழுத்துகள். மரபணுத்தொகுப்பின் எந்தப் பதிப்பில் இடம் பார்த்தீர்கள் என்பதும் வேண்டும்; ஜிஆர்சிஇசட்11 (GRCz11) என்ற பதிப்பு என்றால் அப்படியே குறியுங்கள். ஏஏஏ போல ஒரே எழுத்து அடுத்தடுத்து வரும் இடத்தில் ஒன்று போனால், எது போனது என்று சொல்ல முடியாது. மரபணு ஓடும் திசையில் கடைசியாக உள்ளதே போனதாக எழுதுவது வழக்கம். இல்லாவிட்டால் ஒரே மாற்றம் இரண்டு பெயரில் பதிவாகும்.

பெற்றோர் மீன்களின் அதே பகுதியையும் படித்து வையுங்கள். ஆய்வக எலிகளைப் போல இந்த மீன்கள் ஒரே அச்சில் வார்த்தவை அல்ல. இயல்பாகவே இருந்த வேறுபாட்டை நம் திருத்தம் என்று எழுதிவிடக்கூடும்.

அப்புறம் பெயர். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் இயங்கும், வரிக்குதிரை மீன்களுக்கான ஜிஃபின் (ZFIN) தரவுத்தளத்தில் உங்கள் ஆய்வகத்துக்கான எழுத்துக் குறியைப் பெற்று, அதோடு வரிசை எண்ணைச் சேருங்கள். அந்த வரிசை மீன்கள் எல்லாம் இறந்துபோனாலும், அந்த எண்ணை வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள்.