காந்தப்புலத்தால் இரத்த ஓட்டத்தை அளக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரத்தத்தில் இரும்புச்சத்து இருப்பதால்தான் காந்தப்புலத்தைக் கொண்டு தமனியின் ஓட்டத்தை அளக்க முடிகிறது என்று, தஞ்சாவூர்ப் பக்கம் நான் பாடம் நடத்தும் வகுப்பில் ஆண்டுதோறும் யாராவது எழுதிவிடுகிறார்கள். உண்மையில் சோடியம், குளோரைடு முதலிய அயனிகளால் இரத்தம் மின்சாரத்தைக் கடத்துவதே காரணம். மின்கடத்தும் நீர்மம் காந்தப்புலத்துக்குக் குறுக்கே ஓடினால், இரண்டுக்கும் செங்குத்தான திசையில் மின்னழுத்தம் எழும். இந்த விதியையும் பூமியின் காந்தப்புலத்தையும் நம்பித்தான் 1832இல் ஆங்கிலேய அறிவியலாளர் மைக்கேல் ஃபாரடே, லண்டன் வாட்டர்லூ பாலத்தருகே தேம்ஸ் ஆற்றில் மின்வாய்களை, அதாவது மின்னழுத்தத்தைத் தொட்டு எடுக்கும் உலோகத் துண்டுகளை, இறக்கிப் பார்த்தார். அன்று அளவு கிடைக்கவில்லை என்றாலும் எண்ணம் சரியானதே. 1936இல் இயற்பியலாளர் அலெக்சாண்டர் கோலின் அதே விதியை இரத்தக் குழாய்க்குக் கொண்டுவந்தார்.

பெரிய தவறு கணக்கில்தான் நேர்கிறது. வாய்க்காலில் வைக்கோல் துண்டை மிதக்கவிட்டு, இரண்டு குச்சிகளுக்கு நடுவே அது கடக்கும் நேரத்தைப் பார்த்தால் வேகம் தெரியும். எவ்வளவு தண்ணீர் பாய்கிறது என்பதற்கு வாய்க்காலின் அகலமும் ஆழமும் வேண்டும் என்பது எங்கள் ஊர் விவசாயி ஒவ்வொருவருக்கும் தெரியும். தமனியிலும் அப்படியே. காந்தப்புலம் 0.02 டெஸ்லா, உள்விட்டம் 5 மில்லிமீட்டர், சராசரி வேகம் நொடிக்கு 20 சென்டிமீட்டர் என்றால் மூன்றையும் பெருக்கக் கிடைக்கும் மின்னழுத்தம் 20 மைக்ரோவோல்ட். குழாயின் குறுக்குப் பரப்பை வேகத்தால் பெருக்கினால் வரும் ஓட்டமோ நிமிடத்துக்கு ஏறத்தாழ 236 மில்லிலிட்டர். விட்டத்தைத் தவறாக 6 மில்லிமீட்டர் என்று எடுத்துக்கொண்டால், கணக்கில் வேகம் குறைந்து பரப்பு கூடுவதால், அதே மின்னழுத்தத்துக்கு ஓட்டம் 20 விழுக்காடு கூடுதலாக வரும். வேகத்தைப் பழைய விட்டத்தில் கண்டு, பரப்பை மட்டும் புதிய விட்டத்தில் போட்டால் பிழை 44 விழுக்காடு. இரண்டு இடத்திலும் ஒரே விட்டத்தை, அதுவும் மீட்டருக்கு மாற்றிய பிறகே, எழுதுங்கள்.

20 மைக்ரோவோல்ட் மிகச் சிறியது. உடலின் மேல் பதிவாகும் இதய மின்னலையே ஒரு மில்லிவோல்ட் அளவில் இருக்கும். ஆகவே மாறாத காந்தப்புலத்தைப் பயன்படுத்தக் கூடாது: மின்வாய்களில் தானாகத் தேங்கும் மின்னழுத்தம் உண்மைக் குறியை மூழ்கடித்துவிடும். மாறுதிசைப் புலமோ துடிப்புப் புலமோ வேண்டும்.

காந்தமும் மின்வாய்களும் கொண்ட, தமனியைச் சுற்றிப் பொருத்தும் உணர்கருவி அதைச் சரியாகத் தழுவ வேண்டும். தளர்ந்தால் மின்வாய் சுவரைத் தொடாது, இறுகினால் ஓட்டமே குறையும். அளக்கும் முன் தமனியைச் சிறிது நேரம் அடைத்து, ஓட்டமில்லாத நிலையில் கருவி எந்த எண்ணைக் காட்டுகிறது என்று குறித்துக்கொண்டு, அதையே பூஜ்ஜியமாகக் கொள்ள வேண்டும்.