காலையில் கடகட சத்தம்: டைமிங் செயின் டென்ஷனரைப் புரிந்துகொள்வது எப்படி?

டீசல் ஸ்விஃப்ட், டிசையர், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ எல்லாவற்றிலும் இருந்தது ஃபியட்டின் மல்டிஜெட் இன்ஜின், 1248 சிசி. மாருதி 2020-இல் டீசலை நிறுத்திவிட்டது. வண்டிகள் இன்னும் ஓடுகின்றன. இதில் டைமிங் பெல்ட் இல்லை, டைமிங் செயின்தான், அதனால் கவலையே வேண்டாம் என்பார்கள். ஆனால் அந்தச் செயினைப் பிடித்துவைக்கும் டென்ஷனர் முழுக்க ஆயிலை நம்பிப் பிழைக்கிறது.

படி 1: வேலை செய்யும் விதம்

பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு கிராங்க், வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு கேம். இரண்டையும் இணைப்பது டைமிங் செயின். கிராங்க் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம் ஒரு சுற்று. கிராங்க் இழுக்கும் பக்கம் செயின் விறைப்பாக இருக்கும், திரும்பி வரும் பக்கம் தொய்யும். தொய்யும் பக்கத்தில் பிளாஸ்டிக் முகம் வைத்த ஒரு வளைந்த கை செயின்மேல் சாய்ந்திருக்கும். அதைப் பின்னாலிருந்து தள்ளுவதுதான் டென்ஷனர்.

உள்ளே முன்னும் பின்னும் நகரும் ஒரு சின்ன உருளை (பிளஞ்சர்), ஒரு ஸ்பிரிங், அடியில் சின்னக் குண்டு வால்வு. பம்ப் அனுப்பும் ஆயில் குண்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும், வந்த வழியே திரும்ப முடியாது. செயின் உதைக்கும்போது பிளஞ்சர் ஓரத்து மயிரிழை இடைவெளியில் மட்டும் கொஞ்சம் கசியும். உதையை வாங்கிக்கொள்வது அந்தக் கசிவுதான். இன்ஜின் நின்றதும் அழுத்தம் போய்விடும். அப்புறம் ஸ்பிரிங்தான் துணை. சில டென்ஷனர்களில் பின்வாங்காமல் பிடிக்க ராட்செட் பல்லும் உண்டு.

படி 2: காது கொடுங்கள்

இரவு முழுக்க நின்ற வண்டியை, பானெட்டைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். வெளியே ஆல்டர்னேட்டர் பெல்ட் ஓடும் பக்கம் நில்லுங்கள், துண்டு, துப்பட்டா எதுவும் தொங்க வேண்டாம். கடகடவென்று சத்தம் வந்து ஒன்றிரண்டு நொடியில் அடங்கினால், வடிந்துபோன டென்ஷனரில் ஆயில் நிரம்ப நேரமாகிறது என்று சந்தேகிக்கலாம். சூடான பிறகும் ஓயவில்லையென்றால் விஷயம் டென்ஷனரோடு நிற்கவில்லை, செயினே தேய்ந்திருக்கலாம். டீசலின் இயல்பான டக்டக் சத்தத்தோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். இது சங்கிலி உரசுகிற சத்தம்.

படி 3: டிப்ஸ்டிக்

சமதளத்தில் நிறுத்தி, சில நிமிடம் கழித்துப் பாருங்கள். ஆயில் அளவு குறைந்தால் பம்ப் காற்றை உறிஞ்சும். காற்று நசுங்கும், ஆயில் நசுங்காது. அதனால் டென்ஷனர் பொதபொதவென்று ஆகிவிடும். என்னைக் கேட்டால், இந்தக் குச்சியை மாதம் ஒருமுறை உருவிப் பார்ப்பதைவிட மலிவான வைத்தியம் கிடையாது.

ஏன் கெடுகிறது?

ஆயில் மாற்றத் தள்ளிப்போட்டால் கசடு கட்டி, டென்ஷனருக்கு வரும் சின்னத் துளை அடைபடும். ஒரு தூசி குண்டின் அடியில் உட்கார்ந்தால் வால்வு மூடாது. டீசல் கரி கலந்த ஆயில் செயினின் ஒவ்வொரு பின்னையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்கும். எல்லாம் சேர்ந்து செயின் நீளமாகும். பிளஞ்சர் கடைசி வரை வெளியே வந்துவிட்டால், புது டென்ஷனரே போட்டாலும் தள்ள இடமிருக்காது.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. சரிவில் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரை மட்டும் நம்பி நிறுத்தினால், வண்டி நகர்ந்து இன்ஜினைப் பின்பக்கமாகச் சுழற்றக்கூடும். அப்போது டென்ஷனர் இருக்கும் பக்கம் இழுபட்டு, ஆயில் அழுத்தமில்லாத பிளஞ்சர் உள்ளே போய், செயின் எதிர்ப்பக்கம் தொய்ந்து ஒரு பல் தாண்டலாம். டைமிங் அதிகம் தவறினால் பிஸ்டன் வால்வில் இடிக்கும், வால்வை அழுத்தும் ராக்கர் ஆர்ம் உடையும்.

படி 4: மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

ஸ்கேனரில் பி0016 என்ற பிழைக் குறியீடு வந்தால் கேமும் கிராங்கும் ஒத்துப்போகவில்லை. சென்சாரோ வயரிங்கோ கூடக் காரணமாகலாம், உடனே பிரிக்கச் சொல்லாதீர்கள். பிரித்தே ஆக வேண்டுமென்றால் செயின், டென்ஷனர், கைடு (செயின் உரசி ஓடும் பிளாஸ்டிக் தடம்), ஸ்ப்ராக்கெட் (பல் சக்கரம்) எல்லாம் சேர்ந்த கிட்டாகவே மாற்றுங்கள். இந்த இன்ஜினுக்கு, கிராங்கையும் கேமையும் சரியான இடத்தில் அசையாமல் பிடிக்கும் லாக்கிங் டூல் தேவை. பெயின்ட் அடையாளம் போட்டுச் சமாளிக்கிறேன் என்பவரிடம் வண்டியைக் கொடுக்க வேண்டாம்.

கழற்றிய டென்ஷனரைக் கேட்டு வாங்கி, பிளஞ்சர் எவ்வளவு நீண்டிருக்கிறது, கைடு முகத்தில் செயின் எவ்வளவு ஆழத்துக்குத் தடம் போட்டிருக்கிறது என்று பாருங்கள். பிளாஸ்டிக் உடைந்திருந்தால் ஆயில் பேனையும் இறக்கி, ஆயில் உறிஞ்சும் இடத்து வலையில் (ஸ்ட்ரெய்னர்) துண்டுகள் இல்லையென்று உறுதி செய்யச் சொல்லுங்கள். புதிய டென்ஷனரைப் பூட்டி, பிளஞ்சரை உள்ளே அடக்கிப் பிடித்திருக்கும் பின்னை உருவிய பிறகு, கிராங்கை ஓடும் திசையில் கையால் முழுதாக இரண்டு சுற்றுச் சுற்றி, டூல் மறுபடி சரியாக உட்காருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சாவி போட வேண்டும்.