மலையில் நிறுத்தும் கேரவனுக்குச் சூரிய மின்சாரம்

ஜமுனாமரத்தூர்ப் பக்கமோ ஏலகிரியிலோ கேரவன் டிரெய்லரை (காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் தங்கும் வண்டியை) நிறுத்தி இரண்டு மூன்று நாள் தங்க நினைப்பவர்கள், எத்தனை வாட் சோலார் பேனல் வாங்குவது என்ற கேள்வியோடுதான் பெரும்பாலும் தொடங்குகிறார்கள். ஆனால் முதலில் போட வேண்டியது செலவுக் கணக்கு. 30 வாட் பிஎல்டிசி (குறைந்த மின்சாரத்தில் ஓடும்) மின்விசிறி 10 மணி நேரம் ஓடினால் 300 வாட்-மணி. 9 வாட் எல்இடி விளக்குகள் இரண்டு 5 மணி நேரம் எரிந்தால் 90. கைபேசி, மடிக்கணினிக்கு 110. சிறிய 12 வோல்ட் குளிர்பெட்டிக்குக் கோடையில் 500 என்று வைத்துக்கொண்டால், நாளொன்றுக்கு 1000 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட் ஆகிறது. ஏசியை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். மலையில் இரவு நேரத்துக்கு அது தேவையும் இல்லை. இண்டக்‌ஷன் அடுப்பும் அப்படித்தான்: 1500 வாட் அடுப்பு 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 140 ஆம்பியர் இழுக்கும் என்பதால், சமையலுக்குக் கேஸ் அடுப்பே போதும்.

12.8 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரியில் 1280 வாட்-மணி இருக்கும். அதில் 80 விழுக்காட்டைப் பயன்படுத்தினால் ஒரு நாள் தேவை நிறைவேறும். வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கும் டியூபுலர் பேட்டரி விலை குறைவுதான் என்றாலும், பாதி அளவே பயன்படுத்தத் தக்கது. அதன் எடையும், மலைப்பாதை வளைவுகளில் ஆசிட் தளும்பும் அபாயமும் வேறு.

வேலூர் வட்டாரத்தில் உண்மையான சிக்கல் வெயில் குறைவன்று, வெப்பம். பேனலின் மீது அச்சிட்ட வாட் அளவு 25 டிகிரிக்கு உரியது; மே மாத நண்பகலில் கூரை மேல் அது 65 டிகிரி வரை சூடேறினால், டிகிரிக்கு 0.35 முதல் 0.4 விழுக்காடு வீதம், திறனில் ஏறக்குறைய 15 விழுக்காடு போய்விடும். எனவே கூரைக்கும் பேனலுக்கும் இடையே நாலு விரற்கடையாவது காற்றோட இடம் விட வேண்டும். தூசி, கம்பி இழப்பு எல்லாம் சேர்த்து 30 விழுக்காடு கழித்தால், 300 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் ஒரு யூனிட்டைத் தட்டுத்தடுமாறித் தரும்; இடமிருந்தால் 400 வாட் வைப்பதே நிம்மதி. தங்குபவர்கள் புளியமர நிழலைத் தேடுவார்கள், பேனலுக்கோ கிளை நிழல்கூட ஆகாது. ஆகவே ஒரு பேனலையாவது 10 மீட்டர் நீள, 6 சதுர மில்லிமீட்டர் கம்பியோடு தனியே வெயிலில் வைக்க வழிசெய்து கொள்வது நல்லது. பேட்டரியை மூடிய வண்டிக்குள் வேகவிடாமல், காற்றோட்டமுள்ள கீழ்ப்பெட்டியில் வைக்க வேண்டும். 45 டிகிரிக்கு மேல் அதற்கு மின்னேற்றம் செய்வது அதன் ஆயுளைக் குறைக்கும்.

பேனலின் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் எம்பிபிடி கன்ட்ரோலரில் முதலில் பேட்டரியையும் பிறகு பேனலையும் இணைக்க வேண்டும். கழற்றும்போது வரிசை தலைகீழ். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தொலைவுக்குள் ஃப்யூஸ் இல்லாமல் எதையும் இணைக்கக் கூடாது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் பேனலை மட்டும் நம்பிப் போக முடியாது. இழுத்துச் செல்லும் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து (எஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் கருவி), மின்னோட்டத்தை அளவோடு பேட்டரிக்கு அனுப்பும் 20 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் வழியாக, மலையேறும் இரண்டு மணி நேரத்தில் அரை யூனிட் சேர்த்துவிடலாம். சார்ஜர் இல்லாமல் நேரடியாகக் கம்பி போட்டால், லித்தியம் பேட்டரி மட்டுமீறி மின்னோட்டத்தை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடேற்றிக் கெடுத்துவிடும்.